ஈயக் குளத்தில் ஒரு சனிக்கிழமை

இசபெல்லா கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேரியல் பொருளாதாரம் கற்பித்தாள். ஒரு நாட்டின் வருமானம் ஏன் மொத்தமாக ஏறுகிறது, ஏன் மொத்தமாகச் சரிகிறது என்பதே அவளுடைய ஆராய்ச்சி. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். கணவன் லூயிஸ் ஈப்போவுக்கு வெளியே, குளத்தில் மிதந்தபடி ஈயம் வாரும் கப்பலில் மெக்கானிக். சனிக்கிழமைகளில் ரயிலேறி அவனிடம் வருவாள்.

ஈய விலை நெடுநாள் நிற்காது, விழுந்தால் பேராக் மாநிலத்தையே இழுத்துக்கொண்டு விழும் என்று 1984-இல் ஒரு கட்டுரை எழுதினாள். சக விரிவுரையாளர்கள் சிரித்தார்கள். லூயிஸிடமும் சொன்னாள்.

"இப்பவே வேற வேலை தேடுங்க."

"பாக்கலாம் லா," என்றான். பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய வியாபாரமே நின்றுபோனது. சிரித்தவர்கள் வந்து கைகுலுக்கினார்கள். சில மாதங்களில் லூயிஸின் கப்பலும் நின்றது.

அந்தச் சனிக்கிழமை அவள் வந்தபோது, குளத்து மண்ணை வாரும் கப்பலின் வாளிச் சங்கிலி ஓயாமல் எழுப்பும் இரைச்சல் இல்லை. காற்றே புதிதாக இருந்தது. லூயிஸ் அவளைச் சிறு படகில் ஏற்றிக்கொண்டான். சுண்ணாம்புக் குன்றுகள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. துடுப்பு பட்டால் நெளிந்து, கலைந்து, மெல்லக் கூடின. வானத்தின் மேல் மிதப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"தெரிஞ்சும் ஏங்க போகல?"

"நீ சொன்னத நம்பினேன் பெல்லா. ஆனா காலையில கப்பல் சத்தம் கேட்டா, இன்னைக்கு இல்லன்னு தோணும்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"நான் சொன்னது பலிச்சது எனக்கே பிடிக்கல."

"அதுக்கு நீ என்ன செய்வ?" என்றவன் துடுப்பை மடியில் வைத்துவிட்டான். படகு தன் போக்கில் போனது.

அவளுடைய சமன்பாடுகளில், விலை விழுந்தால் ஆட்கள் வேறு வேலைக்கு நகர்ந்துவிடுவார்கள். தெரிந்தும் நகராதவனுக்கு அங்கே இடமில்லை. அவனுக்கு இடம் தேடுவதே பிறகு அவள் ஆராய்ச்சியானது. அது பற்றிய முதல் கட்டுரையை இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவது ஏற்றபோது, லூயிஸ் பாகான் செராயில் ஒரு நெல் ஆலையில் சேர்ந்திருந்தான்.

வயலைப் பார்த்த வாடகை வீட்டில் அவள் எழுதிக்கொண்டிருக்க, அவன் எட்டிப் பார்த்தான்.

"இன்னும் என்னைப் பத்தியா எழுதுற?"

"உங்களப் பத்தி மட்டும் இல்ல," என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறையுது."