என்ஜின் மேல் வைத்த கால்

கஸ்பார் தன் வலது காலைத் தொப்பூரிலிருந்தே வேக வைத்துக்கொண்டு வந்தான். லாரி கேபினில் டிரைவரை ஒட்டியிருக்கும் என்ஜின் மூடியின்மேல் துண்டை மடித்துப் போட்டு, அதில் பாதத்தை அழுத்தியபடி. ஓட்டியது வேறொருவன். அதுதான் வயிற்றெரிச்சல். தொப்பூர் இறக்கத்தில் கஸ்பாரின் கால் பட்டாலே லாரி அடங்கிவிடும் என்பார்கள். சொன்னவன் கஸ்பார்.

எண்பத்தேழாம் வருஷம் அந்தக் கால் குளிர ஆரம்பித்தது. கட்டைவிரல் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. சித்திரை வெயிலில் வீட்டுப் பூனை மண்பானையை விட்டுவிட்டு அவன் காலை ஒட்டித்தான் படுத்தது. லாரி முதலாளி மாதேஸ்வரன், காலில் ரத்தம் ஓடுகிறதென்று டாக்டர் எழுதித் தந்தால்தான் சாவி என்றுவிட்டார். சென்னையிலிருந்து சூட்டைப் படம் பிடிக்கும் கேமரா வந்திருப்பதையும், சிவப்பாகத் தெரிந்தால் வீட்டுக்கு, நீலமாகத் தெரிந்தால் கட்டிலுக்கு என்பதையும் தர்மபுரி மிஷன் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் ராஜப்பன் ரகசியமாகச் சொல்லியிருந்தான்.

ஆஸ்பத்திரியில், கேமரா குளிரவென்று அதன் தலையில் எதையோ ஊற்றினார்கள். வெள்ளைப் புகை வழிந்தது. தூபம் போடுகிற இடத்தில், செய்த பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் இல்லாமல் இருக்காதே என்று கஸ்பாருக்குத் தோன்றியது. கூட வந்த மனைவி ராஜமேரி கேமராவை நம்பவில்லை. புருஷனை அதைவிட நம்பவில்லை. பீடி வாசனை தேடி முகர்ந்து பார்த்தாள். டீசல்தான் அடித்தது.

திரையில் வலது கால் அடுப்புத் தணலாகச் சிவந்திருந்தது. இடது கால் வெறும் மஞ்சள்.

"சீக்கு எந்தக் கால்ல?" என்றார் டாக்டரம்மா.

கஸ்பார் இடது காலைக் காட்டப் பார்த்தான். புண் காட்டிக்கொடுத்தது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்த சூடு போக, யாராயிருந்தாலும் இருபது நிமிஷம் காலை நீட்டிச் சும்மா உட்கார வேண்டும் என்றார். இதை ராஜப்பன் சொல்லவில்லை.

ஐந்தாவது நிமிஷம் திரையில் வலது கால் சுண்டுவிரல் பச்சையானது. பத்தில் விரல்கள் ஐந்தும் நீலம். பிறகு பாதத்தின்மேல் நீலம் சத்தமில்லாமல் ஏறியது.

"ஏங்கம்மா, வோல்டேஜ் கம்மிங்களா?"

இடது காலுக்கு மட்டும் வோல்டேஜ் குறையவில்லை. பீடி ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும், இன்னும் குடிக்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார்.

ராஜமேரி முந்திக்கொண்டாள். "வுட்டுட்டன்னு மாதா மேல சத்தியம் பண்ணுனீங்களே."

"வுட்டது நெசந்தான். மறுபடி எடுத்தது அப்புறம்."

அவள் குனிந்து அந்தப் பாதத்தை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, எழுந்து நின்றாள்.

கஸ்பார் காலைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நீலப் பாதத்தின்மேல் மஞ்சளாக ஒரு கை, ஐந்து விரலோடும் பதிந்திருந்தது.

"மேரி, கைய எடுத்துட்டியா, இன்னும் வெச்சிருக்கியா?"

இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அவளும் திரையைத்தான் பார்த்தாள். அந்தக் கைச்சுவட்டின் சுண்டுவிரல் முதலில் மங்கத் தொடங்கியது.