வெயிலை மறைத்த உபயம்

கண்ணாடிக் குழாய்களைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் மஞ்சள் பெயிண்ட் அடித்து, அதன்மேல் சிவப்பில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்: ‘அமரர் கர்ணன் நினைவாக, உபயம்: மகன் வைகுண்டராஜ், போடி பஜார்.’

பொட்டிப்புரம் தாண்டி ஒரு சின்ன ஊர். அதன் அங்கன்வாடி மாடியில் நின்றுகொண்டிருந்தேன். நான் ஜெஸ்லின், தேனியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரைச் சுத்தம் செய்யும் அந்தக் குழாய்களை நானும் என் மாணவிகளும்தான் மாட்டினோம். உள்ளே டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய கண்ணாடி மணிகள் இருக்கின்றன. வெள்ளைப் பெயிண்டில் கலக்கிற அதே பொடிதான். ஆனால் வெயில் பட்டால் அதன் குணமே வேறு. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டதும், அந்தப் பூச்சு தண்ணீரிலிருந்தும் அதில் கரைந்த ஆக்சிஜனிலிருந்தும் முரட்டு மூலக்கூறுகளை உண்டாக்கும். அவை பாக்டீரியாவின் மேலுறையைப் பொத்தலாக்கும். உள்ளே இருப்பது ஒழுகிப்போய் அது சாகும். மின்சாரம் வேண்டாம், மருந்து வாடையும் கிடையாது. வேண்டியது வெயில் ஒன்றுதான். அது இந்த ஊரில் கொட்டிக் கிடக்கிறது.

அந்த வெயிலைத்தான் பெயிண்ட் அடித்து மூடியிருந்தார்கள்.

அங்கன்வாடிப் பிள்ளைகள் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. அதில் ஒருத்தி, அந்த ஊர் யுவராணியின் மகள் சுபாஸ்ரீ, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாள். தண்ணீரைச் சோதித்ததில் கிருமி இருந்தது. காலையிலேயே சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர் போனில் பொரிந்து தள்ளிவிட்டார். “ஒங்க மிஷினு வேலை செய்யல மேடம். சாயங்காலத்துக்குள்ள கழட்டிருங்க.” அதுவரை எல்லாச் சோதனையிலும் தேறிய கருவி அது! கழற்றினால் பிள்ளைகளுக்கு மறுபடியும் பழைய தொட்டித் தண்ணீர்தான்.

“யார் எழுதினது?” என்று கத்தினேன்.

அங்கன்வாடியைப் பார்த்துக்கொள்ளும் சோணையம்மாள் திருதிருவென விழித்தார். “திருவிழாவுக்குக் கோயில் டியூப்லைட்டுல பேரு எழுத பெயிண்டர் வந்தாருல்ல டீச்சர். வைகுண்டராஜ் அண்ணாச்சிதான் அப்படியே இதுலயும் எழுதச் சொன்னாக. குழாய் அவுக வாங்கிக் குடுத்ததுதான?”

டியூப்லைட்டில் எழுதினால் சாமி கொஞ்சம் இருட்டில் நிற்கும், அவ்வளவுதான். இங்கே பிள்ளைகளின் உயிரே போகப் பார்த்தது. பேர் ஆசைக்கு ஓர் அளவு வேண்டாமா? வைகுண்டராஜை உடனே வரச் சொன்னேன். பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். சிரித்த முகமாக மாடியேறி வந்தார்.

“பேருக்கும் கிருமிக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்? உபயம்னு எழுதாத பொருள் ஏதாச்சும் நம்மூர்ல இருக்கா?”

“வெயில் உள்ள போனாத்தான் கிருமி சாகும் அண்ணாச்சி. மாட்டுன அன்னைக்கே மைக்குல சொன்னேன். நீங்க முன்வரிசையில உக்காந்து கைதட்டுனீங்க.”

அவர் முகம் வாடிவிட்டது.

“தப்புத்தான். புதுக் குழாய் வாங்கித் தாரேன். அடுத்த வாரம் வந்துரும்.”

“சாயங்காலம் இதைக் கழட்டச் சொல்லியிருக்காங்க. இப்பவே சுரண்டணும்.”

“எங்க அய்யா பேரு டீச்சர். செத்தவுக பேரைச் சுரண்டுறது எவ்வளவு பெரிய பாவம்? நீங்களே சொல்லுங்க.”

மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு வந்த யுவராணி, சத்தம் கேட்டு மேலே வந்திருந்தாள். கையில் துணிப்பை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“ஒங்க அய்யா வாழ்ந்து முடிச்சுப் போனவுக அண்ணாச்சி. எம்பிள்ளைக்கு இன்னும் தன் பேரையே முழுசாச் சொல்ல வராது. ‘சுபாச்சி’ங்கும். அது திருத்தமாச் சொல்ற வரைக்காவது உசுரோட இருக்க வேணாமா?”

வைகுண்டராஜ் கீழே இறங்கிப் போனார். நழுவிவிட்டார் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வேனிலிருந்து பெயிண்டைக் கரைக்கும் தின்னர் டப்பாவும் சுரண்டும் தகடும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். எல்லாக் குழாய்களிலும் தன் பெயரை அவரே சுரண்டினார். ‘கர்ணன்’ என்ற இடத்தில் மட்டும் கை நின்றுவிட்டது.

“தள்ளுங்க அண்ணாச்சி” என்று தகட்டை வாங்கி யுவராணி சுரண்டத் தொடங்கினாள். மஞ்சள் உரிய உரிய வெள்ளை மணிகளில் வெயில் இறங்கியது.

அதிகாரியைப் போனில் பிடித்தேன். “கழட்ட வேண்டியதைக் கழட்டியாச்சு சார். குழாய்ல வெயிலை மறைச்ச பெயிண்டு அது. நல்லா வெயில் காயட்டும். நாளைக்குத் தண்ணியெடுத்து மறுபடி சோதிங்க. அதுல கிருமி இருந்தா நானே கழட்டித் தாரேன். அதுவரைக்கும் காய்ச்சின தண்ணிதான் பிள்ளைகளுக்கு.” முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

கீழே இறங்கும்போது வைகுண்டராஜ் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“டீச்சர், குழாயைத் தாங்குற ஸ்டாண்டு காலுலயாவது அய்யா பேரை எழுதிக்கிரட்டுமா?”

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

“எழுதுங்க அண்ணாச்சி. நல்லா நிழல் விழுற இடமாப் பார்த்து எழுதுங்க.”