காத்திருப்பு குறைந்த விதம்

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை பத்துப் பேரைப் பொறுக்கி, ஒரு மாதம் வெளிநாட்டில் சேவை செய்ய அனுப்புவார்கள். சம்பளம் உண்டு, விமான டிக்கெட் உண்டு, கம்பெனி பெயர் போட்ட நீலச் சட்டையும் உண்டு. என்னை அனுப்பிய நாட்டில் நம் மொழி பேசுகிறவர்கள் நிறைய. அதனால்தான் எனக்கு அந்த இடம் கிடைத்தது.

போன இடம் செயற்கைக் கால் செய்து கொடுக்கும் இலவச மையம். முன்னால் பெஞ்சுகள் போட்ட கூடம், பின்னால் பிளாஸ்டர் தூளும் பசை வாடையுமாக ஒரு பட்டறை. முதல் தடவை வந்தால் அளவு எடுப்பார்கள். ஒரு வாரம் கழித்து வந்தால் காலை மாட்டி நடக்கவைத்துப் பார்ப்பார்கள். அங்கே மக்கள் காத்துக்கிடக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் என் வேலை. தொழிற்சாலைகளுக்கு நான் தினமும் செய்துகொடுப்பதுதான் அது.

இரண்டு நாள் ஓரமாக உட்கார்ந்து கைப்பேசியில் நேரம் பிடித்தேன். அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. வாசலில் பெயர் பதியும் பெண்மணிதான். ஐம்பதை நெருங்கும் வயது, எல்லாருக்கும் அக்கா. புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் பேசுவார்.

"அவ்வளவு நேரம் என்னக்கா பேசுவீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்த மேடம், சும்மா வீட்டுக்கதைதான்" என்று சிரித்தார். "கால் போனவங்க முதல் நாள் வரும்போது முகத்தைப் பாக்கவே முடியாது. அப்படியே உள்ள தள்ளிவிட மனசு வராது."

'சும்மா' என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கம்பெனி செலவில் டோக்கன் மெஷின் வந்தது. அக்காவை ஸ்டோர் ரூமுக்கு மாற்றச் சொன்னேன். திருகாணியும் தோல் வாரும் எண்ணி அடுக்கும் வேலை. மையத்தின் தலைவர் கொஞ்சம் இழுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். அக்கா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மூன்று மணி நேரக் காத்திருப்பு ஐம்பது நிமிடமாகிவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, கடைசிக் கூட்டத்துக்காகப் புள்ளிவிவரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அளவு கொடுத்துவிட்டுப் போனவர்களில் பதினேழு பேர் இரண்டாம் தடவை வரவே இல்லை. நான் வருவதற்கு முந்தைய மாதம் அப்படி வராமல்போனது இரண்டே பேர். கூட்டம் குறைந்ததால்தான் காத்திருப்பு குறைந்திருந்தது.

பட்டறையில் கால் செய்யும் மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன். அவர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"அக்கா அங்க இல்லையே மேடம், அப்புறம் எப்படி வருவாங்க?"

"அக்கா சும்மா பேசிட்டுத்தானே இருந்தாங்க?"

"பேசுறது கிடக்கட்டும். அக்காவுக்கு இடது கால் முட்டிக்குக் கீழ கிடையாது. உள்ள கூட்டிப்போய், கழட்டிக் காட்டுவாங்க. திரும்ப மாட்டிட்டு நடந்து காட்டுவாங்க. அதைப் பாத்த பிறகுதான் வந்தவங்களுக்கு நம்பிக்கையே வரும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நான்கு வாரம் பத்தடி தூரத்தில் இருந்தும் தெரியாது. ஆனால் அது இல்லை என் வெட்கம். தெரிந்த பிறகு என்ன செய்தேன் என்பதுதான்.

அன்றே தலைவரிடம் சொல்லியிருக்கலாம். அக்காவைப் பழைய இடத்தில் உட்காரவைக்க அரை மணி நேரம் போதும். ஆனால் கூட்டத்துக்கு எங்கள் மேலதிகாரிகள் வீடியோவில் வரப்போகிறார்கள். பதினேழு பேர் இருந்த பக்கத்தை எடுத்துவிட்டேன். ஐம்பது நிமிடத்தைப் பெரிய எழுத்தில் போட்டேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்றிருந்த மேஸ்திரி பட்டறைக்குத் திரும்பிப்போவதைப் பார்த்தேன்.

ஊருக்கு வந்ததும் விருது கொடுத்தார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் என் படத்தை மாட்டினார்கள். வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். எட்டு மாதம் நானும் ஒன்றும் தெரியாதவள்போல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் போகப்போகிறவர்களிடம் பேசக் கூப்பிட்டார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "இப்ப அங்க எப்படி இருக்கு மேடம்?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். "நல்லா இருக்கு" என்றேன்.

அன்று மதியமே மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டேன். நான் ஊர் திரும்பிய ஒரு மாதத்திலேயே அக்கா வேலையை விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்டாராம். நம்பர் வாங்கி அக்காவிடம் பேசினேன். என் குரல் கேட்டுச் சந்தோஷப்பட்டார். மன்னிப்புக் கேட்டேன்.

"அட, விடுங்க மேடம். தெரியாமத்தானே செஞ்சீங்க."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போனை வைத்திருக்கலாம். ஒரு நொடி வைக்கத்தான் நினைத்தேன்.

"இல்லக்கா. ஆளுங்க திரும்ப வரலைன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் மறைச்சேன்."

மறுமுனையில் வாடிக்கையாளர் யாரோ விலை கேட்கும் சத்தம். அக்கா அவரைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "எத்தனை பேரு?"

"நான் இருந்தவரைக்கும் பதினேழு பேரு."

"பேரும் விலாசமும் இருக்கா?"

இருந்தது. பழைய கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் எழுதிக்கொண்டார். நடுவில் ஒருமுறை, "மெதுவா" என்றார். அவ்வளவுதான். கடைசிப் பெயரை எழுதியதும் வைத்துவிட்டார்.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லி, படத்தை எடுக்கச் சொன்னேன். "இப்ப எதுக்கு அதைக் கிளறுற? அடுத்த மாசம் புதுப் படம் மாட்டுவாங்க" என்றார். மையத்தின் தலைவருக்கு, எடுத்துவிட்ட பக்கத்தோடு கடிதம் எழுதினேன். சுருக்கமாக நன்றி சொல்லிப் பதில் வந்தது. அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் வர மறுத்துவிட்டார். ஆனால் கடைக்கு விடுமுறை நாட்களில் ஒவ்வொருவர் வீடாகப் போனாராம்.

ஆறு பேர் திரும்பி வந்து கால் மாட்டிக்கொண்டதாக மேஸ்திரி சொன்னார். மற்றவர்களைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டு பேரு வீடு மாறிட்டாங்க. மிச்சப் பேரு வேண்டாம்னுட்டாங்க மேடம்" என்றார். எனக்குப் பின் வந்த எட்டு மாதத்தில் வராமல்போனவர்களின் கணக்கை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்காவை அதன்பிறகு மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.