நீலம் பூசுவதற்கு முன்

இறந்துபோன பிராமுடைய உடலைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பியதும், அவன் மனைவி தாபா துக்கத்துக்கு விரித்த பாயில் உட்காராமல் நேராகப் பட்டறை அறைக்குள் போனாள். பிராமுடைய அக்கா ங்கோனே பின்னாலேயே வந்தாள்.

"படகுக்காரங்க நாளைக்கு மத்தியானம் சொல்லிவச்ச படத்துக்கு வந்துருவாங்க. கடைத்தெருவுல படம் போடுற கஸேகிட்ட குடுத்து முடிச்சிரலாம். தம்பி பேரு கெட்டுறக் கூடாது பாரு."

மேசைமேல் கண்ணாடி கிடந்தது. பின்பக்கம் வரைந்து முன்பக்கம் பார்க்கிற படம். முதலில் போடுவதுதான் மேலே தெரியும்; அதனால் கோடும் பெயரும்தான் முதலில். பிராம் அதை முடித்திருந்தான்: கறுப்பில் படகு, பதினோரு முகங்கள், மூலையில் இடவலமாகத் திருப்பி எழுதிய தன் பெயர். ருஃபிஸ்க் ஊரில் அவன் நிறங்களைப் புகழாத வாய் இல்லை. வந்தவர்கள் புகழும்போதெல்லாம் தாபா தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

"கஸே வேணாம் அண்ணி. நானே முடிக்கிறேன்."

"பைத்தியமாடீ உனக்கு? இது என்ன மீன் குழம்பா, கிண்டி இறக்க?"

"இருபத்திரண்டு வருஷமா உங்க தம்பி கோடு மட்டுந்தான் போட்டாரு. நிறமெல்லாம் நான். உங்க கூடத்துல கல்யாணப் பொண்ணு படம் மாட்டியிருக்கே, அந்த மஞ்சளும் நான்தான்."

ங்கோனே கண்ணாடியைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "ஏன்டீ சொல்லல?" என்றாள்.

"அவரும் சொல்லல."

சொல்லும்போதே தாபாவுக்கு அவன்மேல் கோபமும் அவன் இல்லாத துக்கமும் ஒன்றாக வந்தன. தூரிகையை எடுத்தாள். பொழுது சாய்வதற்குள் முகங்களுக்குப் பழுப்பும் சட்டைகளுக்குச் சிவப்பும் ஏறிவிட்டன.

மறுநாள் காலை கடல் மட்டும் பாக்கி. நீலத்தைப் பூசிவிட்டால் அப்புறம் எதை எழுதினாலும் முன்பக்கம் தெரியாது. ஒவ்வொரு படத்திலும் இந்த இடத்தில் அவள் கொஞ்சம் நிற்பாள், பிறகு பூசிவிடுவாள்.

இன்று கறுப்பு மையை எடுத்தாள். பிராம் பெயருக்குக் கீழே, அதே அளவில், தன் பெயரைத் திருப்பி எழுதினாள். மை காய்ந்ததும் நீலத்தை அள்ளிப் பூசினாள்.

படகுக்காரர்களின் குரல் வாசலில் கேட்டது. தாபா எழுவதற்குள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ங்கோனே கண்ணாடியைத் தூக்கி, பூசிய பக்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"படத்தை அப்புறம் பாருங்க. மொதல்ல மூலையில இருக்குற ரெண்டு பேரையும் சத்தமாப் படிங்க."

ஈர நீலம் ங்கோனேயின் வெள்ளைத் துக்க உடையில் அப்பிக்கொண்டிருந்தது.