சின்னவனுக்கு ஒரு நாள் ஓய்வு

என் கணவர் இன்பசேகரனுக்கு ரோபோ கதை ஒன்று கையில் கிடைத்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். கல்யாணமாகி வந்த புதிதில் என் சேலைகளை அடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். இரண்டு தட்டு நிறைய ரோபோக்கள் உட்கார்ந்திருந்தன. அட்டை போனவை, கரையான் ருசி பார்த்தவை, பத்திரிகையிலிருந்து கிழித்துப் பைண்டு பண்ணியவை. படிக்கிற காலத்திலிருந்து பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிச் சேர்த்தது. என் சேலைகள் இன்றுவரை டிரங்குப் பெட்டியில்தான் இருக்கின்றன.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். எல்லாம் ஒரே கதைதானே, இரும்புக்கு மனசு வரும், மனுஷனுக்கு மனசு போகும், இதை எத்தனை தடவை படிப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. வேலை செய்கிறவன் மனசில் என்ன ஓடுகிறது என்று இந்தக் கதைகளில்தான் யாராவது கேட்கிறார்கள், அதனால்தான் இத்தனை வருஷமாகியும் பழசாகவில்லை என்றார். பேச்சைப் பார், பிரசங்கியார் தோற்றார் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

டிப்ளமா முடித்து நாலைந்து பட்டறை மாறியவருக்கு, கதையில் படித்தது கடைசியில் வேலையாகவே வந்தது. பாதாளச் சாக்கடையில் அடைப்பு எடுக்கிற இயந்திரம் ஒன்று தெற்குவாசல் பகுதிக்கு வந்தது. அதைக் காண்டிராக்ட் எடுத்த கம்பெனி இவரை ஆபரேட்டராக வைத்தது. படித்துவிட்டு சாக்கடை வேலையா என்று என் சொந்தத்தில் முகம் சுளித்தார்கள். இவருக்கோ தலைகால் புரியவில்லை. மேலே நிற்பது ஒரு வண்டி. அதிலிருந்து கம்பிவடத்தில் கால்களும் இரும்புக் கையுமாக ஒன்று குழிக்குள் இறங்கும். உள்ளே நடப்பதை மேலே திரையில் பார்த்துக்கொண்டு இவர் அதன் கையை ஆட்டுவார். அது மண்ணையும் கசடையும் அள்ளிக்கொண்டு மேலே வரும்.

அந்த இயந்திரத்துக்கு உதவியாளாக வந்தவர் மருது அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். இயந்திரம் வருவதற்கு முன்னால் அந்தக் குழிகளில் இறங்கியது அவர்தான். ஆளை இறக்கக்கூடாது என்று சட்டம் வந்து எத்தனையோ வருஷமாகிறது. சட்டம் மேலே நிற்கும், மருது அண்ணன் கீழே இறங்குவார். அவருடைய மைத்துனர் அப்படி இறங்கி ஏறாமலே போனவர். இயந்திரம் முதல்முறை குழிக்குள் போய்ச் சேறு சொட்ட மேலே வந்தபோது மருது அண்ணன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதைத் துடைத்தாராம். அன்றிலிருந்து அதற்குச் சின்னவன் என்று பெயர்.

வேலை இல்லாத பொழுதில் இருவரும் வண்டி நிறுத்துகிற கொட்டகை நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் கதை சொல்லுவார், அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்பார். சோறு கொண்டுபோகும்போது நானும் நின்று கேட்டிருக்கிறேன். ஒரு கதை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ ஒரு கிரகத்தில் விஷக்காற்று நிறைந்த சுரங்கம். மனிதன் போனால் சாவான் என்று ஒரு ரோபோவை இறக்குகிறார்கள். அது வருஷக்கணக்காக வெட்டுகிறது. ஒருநாள் முதலாளியிடம், மேலே வெயில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு பகல் மட்டும் ஓய்வு கேட்கிறது. முதலாளி அதைப் பெரிய வேடிக்கை என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். அது மறுபடி சுரங்கத்துக்குள் போய்விடுகிறது.

மருது அண்ணன் வெற்றிலையை வாயில் போடவில்லை. ஒரு நாள் லீவு குடுத்தா அவன் குடியா முழுகிப்போகும் என்று இவரிடம் சண்டைக்கு வந்தார். இவர் ஏதோ தானே அந்த முதலாளி என்பதுபோல் தலையைச் சொறிந்தார்.

ஆயுத பூஜை வந்தது. மருது அண்ணன் காலையிலேயே சின்னவனைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அதன் கையில் ஒரு செவ்வந்தி மாலை. சூப்பர்வைசர் காசிமாயன் சாமி படத்துக்கு முன்னால் தட்டில் வண்டிச் சாவியை வைத்துச் சூடம் காட்டினார். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும். அது எல்லாப் பட்டறைக்கும் உள்ள வழக்கம். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். என் கணவர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொரிகடலை சாப்பிடுவதில் எங்களுக்கு மதபேதம் கிடையாது, அதை மட்டும் வீட்டுக்கு வாங்கி வந்தார்.

அன்றைக்கு ஊரே கடையைக் கழுவியிருந்தது. கழுவின தண்ணீரோடு பழைய மாலை, வாழைமட்டை, உடைத்த பூசணிக்காய், சாக்குத் துணி எல்லாம் எங்கே போகும்? மத்தியானத்துக்கு மேல் எங்கள் தெருவில் குழி மூடியைத் தூக்கிக்கொண்டு கறுப்புத் தண்ணீர் வர ஆரம்பித்தது. எதிர்வீட்டு ஹஃபீஸா அக்கா துடைப்பத்தோடு நிலைப்படியில் நின்று தள்ளத் தள்ள அது உள்ளேதான் வந்தது. உள்ளே அவருடைய மாமியார் படுத்த படுக்கை. கட்டிலைத் தூக்கி வேறு இடத்தில் போட ஆளில்லை. மெயின்ரோட்டு ஓட்டல்காரர் மேலிடத்துக்குப் போன் மேல் போன் போட்டார். மேலிடம் காசிமாயனுக்குப் போட்டது. அவர் பைக்கில் வந்து இறங்கினார்.

கொஞ்ச நேர வேலைதான், சாவியை எடுத்துக் கொடுங்கள், முடித்துவிட்டு மறுபடி தட்டிலேயே வைத்துவிடலாம் என்று இவர் கேட்டார். காசிமாயன் கெட்ட மனுஷர் இல்லை. அவர் முகத்தில் பயம்தான் இருந்தது.

"தம்பி, நீங்க வேதக்காரக. ஒங்களுக்கு அது வெறும் சாவி. பூசையில வச்சத எடுத்து நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரு பதில் சொல்றது?"

இந்த ஒரு பேச்சில் என் கணவர் பின்வாங்கிவிட்டார். வேறு எதற்கும் மல்லுக்கு நிற்பார். அடுத்தவர் சாமி விஷயம் என்றால் ஓர் அடி தள்ளித்தான் நிற்பார், அப்படி வளர்ந்தவர். நாம் போய் அவர்கள் பூஜையைக் கெடுத்தோம் என்று ஒரு சொல் வந்துவிடக்கூடாது என்று நினைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற மருது அண்ணன் சட்டையைக் கழற்றினார்.

"சின்னவன் கெடக்கட்டும் தம்பி. வருசம் பூரா முங்குறான், இன்னிக்கு ஒரு நா படுத்திருக்கட்டும். இந்தக் குழி எனக்குப் பழகுனதுதான்."

இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வேணாம்ணே, வேணாம்ணே என்றார். மருது அண்ணன் கையை மெதுவாக விலக்கிவிட்டு, மூடியைத் தள்ளி, மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டார். காசிமாயன் இறங்கு என்று சொல்லவில்லை. இறங்காதே என்றும் சொல்லவில்லை. கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாக நின்று குத்திவிட்டு வந்துவிடுவதற்குக் கயிறு எதற்கு என்று இடுப்பில் கயிறுகூடக் கட்டாமல் மருது அண்ணன் இறங்கினார்.

மூங்கில் குத்துகிற சத்தம் கேட்டது. தேங்கி நின்ற தண்ணீர் மளமளவென்று இறங்கியது. ஹஃபீஸா அக்கா அல்ஹம்துலில்லாஹ் என்றார். அதற்குப் பிறகு மூங்கில் சத்தம் இல்லை.

மருதண்ணே என்று இவர் கூப்பிட்டார். பதில் இல்லை. காலைக் குழிக்குள் விட்டுவிட்டார் என் கணவர். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தேன், ஹஃபீஸா அக்கா அவர் கையைப் பிடித்தார். இந்தக் குழிகளில் முதலில் இறங்கியவனைத் தூக்கப் போகிறவனும் ஏறுவதில்லை, எங்கள் ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். சட்டை கிழிந்தது, நான் விடவில்லை.

"சாவிய எடுங்க, போங்க" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவருக்கு முன்னால் ஓடியது காசிமாயன். கொட்டகையில் தட்டிலிருந்து சாவியை எடுத்து ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டு இவரிடம் எறிந்தாராம். எலுமிச்சம்பழம் நசுங்க, வாழைக்கன்று இரண்டும் ஆட, மாலையோடு சின்னவன் தெருவுக்குள் வந்தான். நான் சபைக்கு ஒழுங்காகப் போகிறவள். அன்றைக்கு அந்த வண்டியைப் பார்த்துத்தான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

திரையில் மருது அண்ணன் தெரிந்தார். சுவரில் சாய்ந்து, தாடை மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்க, கண் மூடிக் கிடந்தார். சரிந்தால் முடிந்தது. அந்த இரும்புக் கை கல்லும் கசடும் அள்ளச் செய்தது. பிடித்தால் இறுக்கத்தான் அதற்குத் தெரியும், பதமாகப் பிடிக்க அதில் ஒரு பட்டன் கிடையாது. கதைகளில் வருகிற ரோபோக்கள் மனுஷனுக்கு அடிபடும் என்றால் தாமே நின்றுவிடும். இது நிற்காது. நிற்பதும் பிடிப்பதும் என் கணவர் விரலில் இருந்தது. தோளைப் பிடித்தார். மருது அண்ணன் முகம் கோணியதைத் திரையில் பார்த்தேன். உயிர் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். இவர் அழுதுகொண்டே இறுக்கித் தூக்கினார்.

பிழைத்துவிட்டார். தோள் எலும்பு நொறுங்கிப் போனது. வலது கை இனி தோளுக்கு மேலே எழும்பாது என்று டாக்டர் சொன்னார்.

பத்திரிகையில் படம் வந்தது. மாலையும் சந்தனமுமாகச் சின்னவன் படம்தான். தவறி விழுந்த தொழிலாளியைக் காப்பாற்றிய ரோபோ என்று போட்டிருந்தார்கள். தவறி விழுந்தார் என்று கம்பெனி சொன்னது, மருது அண்ணனும் ஆமாம் என்றுவிட்டார். தெருவில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. பூசை கெட்டதனால்தான் கை போனது என்றார்கள். யார் கெடுத்தது என்று சொல்லாமல் எங்கள் வீட்டைப் பார்த்தார்கள். ஒழுங்காக முதலிலேயே கெடுத்திருந்தால் அந்தக் கை இருந்திருக்கும் என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. என் கணவர் சாப்பிட உட்கார்ந்தால் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். பீரோவை அவர் திறக்கவே இல்லை.

சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருது அண்ணன் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எங்களுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார். இவர் உட்காரவில்லை. நாந்தாண்ணே நசுக்கிட்டேன் என்று அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்துச் சொல்லிவிட்டு விம்ம ஆரம்பித்தார்.

"நீங்க என்ன தம்பி செஞ்சீக" என்றார் மருது அண்ணன். "அவன் மேலயும் தப்பில்ல. அசந்து தூங்குறவன உசுப்புனா கை காலு படத்தான் செய்யும். அவனுக்குன்னு இருந்தது ஒரே ஒரு நாளு. அதையும் நான் கெடுத்துப்புட்டேன். வாடிக் கெடந்த மாலைய எடுத்துப் போட்டீகளா இல்லையா?"

எனக்கு அத்தனை நாள் அடக்கி வைத்த கோபமெல்லாம் பொங்கிவிட்டது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வார்டு என்றுகூடப் பார்க்கவில்லை.

"அண்ணே, அது இரும்பு. வெறும் இரும்பு. அதுக்கு லீவும் வேணாம், ஒண்ணும் வேணாம். அதுக்கு வலிக்காதுண்ணே."

மருது அண்ணன் என்னை நிதானமாகப் பார்த்தார். அவருக்கு என் மேல் கோபமில்லை. நல்ல கையால் கட்டைச் சரிசெய்துகொண்டார்.

"எங்களையும் அப்படித்தான் சொன்னாக டீச்சர். இவனுகளுக்கு நாத்தம் தெரியாது, பழகிப்போச்சுன்னு."