குருவம்மா போடாத வீடு

ஆவரங்குடியில் அன்று ஊர் வரைபடம் போட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தில், கோலப்பொடியில். வறுமை ஒழிப்புத் திட்டம் வந்தால் எந்த ஊரிலும் முதலில் செய்கிற வேலைதான். தரையில் போட்ட வீடு ஊரில் இருக்கும். போடாத வீடு இருக்காது. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

போட்டவள் குருவம்மா. கோலம் என்றால் அந்த ஊரில் அவள்தான். தெருவைப் போட்டாள், கோயிலைப் போட்டாள், வீடு வீடாகப் போட்டாள். வசதியானவர்களுக்குப் பச்சைப்பொடி, ஏழைக்கு மஞ்சள், பரம ஏழைக்குச் சிவப்பு. எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அந்தக் கூறுகெட்டவள் ஒரு காரியம் செய்தாள். தன் வீடு வரவேண்டிய இடத்திலேயே காலையிலிருந்து குத்தவைத்து உட்கார்ந்து, சுற்றிலும் மற்ற வீடுகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். முடிந்தது என்று எழுந்து சேலையை உதறினாள். இந்தப் பக்கம் இருளாயி வீட்டுக் கோடும் அந்தப் பக்கம் ஊர்ச் சங்கத் தலைவர் வீட்டுக் கோடும் நகர்ந்து ஒட்டிக்கொண்டன.

குருவம்மா அப்போதுதான் தன் வீட்டைத் தேடினாள். அவள் புருஷன் சோணைமுத்து காலில் மாவுக்கட்டோடு வீட்டுக்குள் படுத்திருந்தான்.

விழுந்தடித்து ஓடினாள். தெருவில் இருளாயி சுவரும் தலைவர் சுவரும் ஒட்டி நின்றன. நடுவில் நகம்கூட நுழையாது. காதை வைத்துக் கேட்டாள்.

"ஏ புள்ள," என்றான் சோணைமுத்து, சுவருக்குள்ளிருந்து. "கதவைக் காணோம்."

"பேசாமப் படுத்திரு. இந்தா வந்துர்றேன்."

"சீக்கிரம் வா. கூரை நெஞ்சுக்கிட்ட வந்துருச்சு."

திரும்பி ஓடினாள். வந்தபோது இருந்ததைவிடத் தெரு நீளமாக இருந்தது. நாசமாய்ப் போன தெரு, ஓட ஓட நீண்டது.

மைதானத்தில் ஊரே நின்றது. அவரவர் வீட்டுக் கோட்டுக்குள் அவரவர். திட்டத்து மேடம் தமயந்தி மட்டும் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், எங்க வீட்டை விட்டுட்டேன். அவரு உள்ள இருக்காரு."

"அப்பப் போடுங்கம்மா."

"இடமில்ல மேடம். நகந்துக்கச் சொல்லுங்க."

"நான் சொல்லக் கூடாதும்மா. பொடியையும் தொடக் கூடாது. இது மக்களே முடிவெடுக்கிற திட்டம். பேசி முடிவெடுங்க."

நல்ல பெண்தான். கண் கலங்கிவிட்டது. ஆனால் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

குருவம்மா இருளாயியிடம் போனாள். "மதினி, ஒரு சாண் தள்ளு."

"ஒனக்கில்லாததா? ஆனா நான் காலைத் தூக்குனா எங்க வீடு என்னத்துக்கு ஆகும்? தலைவரு தூக்கட்டும், நானும் தூக்குறேன்."

ஊர்ச் சங்கத் தலைவர் அழகுமலை அடுத்த வீட்டைக் காட்டினார். அடுத்த வீடு அதற்கடுத்த வீட்டைக் காட்டியது. கடைசி வீடு இருளாயியைக் காட்டியது. எல்லாருக்கும் இரக்கம்தான். இருக்காதா பின்னே, நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறவன் சோணைமுத்து. பெண்கள் முந்தானையில் மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தரும் காலைத் தூக்கவில்லை.

"நீங்கள்லாம் மனுசங்கதானா?" என்று கத்தினாள் குருவம்மா.

"கோவிச்சுக்காதீங்கம்மா," என்றாள் மேடம். "பொழுது சாஞ்சா காத்து வந்துரும். காத்து வந்தா எந்த வீடும் இருக்காது. சீக்கிரம் முடிங்க."

எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். வேப்பமரத்தில் ஓர் இலை ஆடியது. அந்த நேரத்தில்தான் தலைவர் ஊருணியைக் காட்டினார். வரைபடத்தில் அது ஒன்றுதான் காலி. வெறும் வட்டம். நிஜ ஊருணியும் அப்படித்தான், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வெடித்துக் கிடந்தது.

"அங்கன போடு, குருவம்மா. அது ஊருக்குப் பொது. யாரும் தள்ள வேண்டியதில்ல."

சம்மதம் என்று ஊர் கை தூக்கியது.

குருவம்மா வட்டத்துக்குள் இறங்கி சிவப்புப் பொடியை அள்ளினாள். அவசரம். கோடு கோணலாக விழுந்தது. அவள் பிறந்ததிலிருந்து அவ்வளவு அசிங்கமாக ஒன்றைப் போட்டதில்லை. கதவைப் பெரிதாகப் போட்டாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

"கதவு வந்துருச்சு புள்ள! கூரையும் மேல போயிருச்சு!"

குருவம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை. அவனைத் தூக்கி வெளியே உட்கார வைக்க ஓடப் பார்த்தாள்.

"அவங்கவங்க வீட்டுலயே நில்லுங்கம்மா," என்றாள் மேடம். "இன்னும் ஒண்ணே ஒண்ணு. இந்த ஊருக்கு மொதத் தேவை என்ன? கை தூக்கிச் சொல்லுங்க."

"ஊருணிக்குத் தண்ணி!" என்றது ஊர்.

வேறு என்ன சொல்லும்? பக்கத்து ஊருக்கு நடந்து நடந்து இடுப்பு காய்த்துப்போன பெண்கள். கூட்டம் எதுவானாலும் இதை முதலில் எழுந்து கேட்கிறவள் குருவம்மாதான். இன்றும் முதலில் எழுந்தது அவள் கைதான். ஐயோ என்று மற்றக் கையால் பிடித்து இழுத்தாள். அது இறங்கவில்லை. பழக்கதோஷம். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லப் போனாள். "தண்ணி" என்றுதான் வந்தது.

"ஒருத்தர்கூட மறுக்கல," என்று மேடம் எழுந்து நின்றாள். "எந்த ஊர்லயும் இவ்வளவு ஒத்துமையை நான் பாத்ததில்ல."

எல்லாரும் கை தட்டினார்கள். இருளாயி நின்ற இடத்திலிருந்தே எட்டி, வட்டத்துக்குள் நீலப்பொடியைக் கொட்டினாள். குருவம்மாவின் உள்ளங்கால் சில்லென்றது.

"ஏ புள்ள!" என்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து சோணைமுத்து கூப்பிட்டான். குரலில் அப்படி ஒரு குதூகலம். "வீட்டுக்குள்ள தண்ணி வருது! கட்டிலுக்கு மேல வந்துருச்சு! வாயில பட்டுச்சு, உப்பே இல்ல! இருக்கிற குடத்தையெல்லாம் எடுத்துட்டு ஓடியா!"