தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள மேடு

கூட்டம் தொடங்க இருபது நிமிடம் இருந்தபோதுதான் ஜெகதீஸ்வரன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை வாசித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

நோர்வேக்காரருக்கே பிடிபடாத பழைய கையெழுத்து அவருக்குப் பிடிபடும். நோர்வேக்கு அகதியாக வந்து, ஆவணக் காப்பகம் ஒன்றில் பெட்டி தூக்கப் போனவர், இருபத்தாறு வருடத்தில் தானாகவே பழகிக்கொண்டது அது. ஓய்வு பெற்றபின், ஸ்டோவ்னர் என்ற இடத்திலுள்ள தன் வீட்டிலிருந்தபடி, அமெரிக்காவில் குடியேறிய நோர்வேக்காரரின் கடிதங்களை அவர்களின் வாரிசுகளுக்கு ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்லிவந்தார்.

இந்தக் கடிதம் 1869இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் ஆல்டர் கவுண்டி என்ற நாட்டுப்புற மாவட்டத்திலிருந்து எழுதப்பட்டது. அங்குள்ள மரத் தேவாலயத்தைச் சரித்திரச் சின்னமாக அறிவித்து, பின்பக்க மேட்டில் வாகனத் தரிப்பிடம் போட இருந்தார்கள். தேவாலயத்தைக் கட்டி, இந்தக் கடிதத்தையும் எழுதியவரின் கொள்ளுப்பேத்தி யூலியாதான் கடிதத்தை அனுப்பியவர். மாவட்டக் குழு அங்குள்ள மண்டபத்தில் கூடி, ஜெகதீஸ்வரன் வாசிப்பதை இணையத்தில் கேட்டபின், இதற்கு வாக்கெடுப்பு. அங்கே காலை ஒன்பது, இங்கே மாலை நான்கு. யூலியா கடிதம் வைத்திருந்த பெட்டியின் அடியில் ஒட்டிக்கிடந்த மூன்றாம் பக்கத்தின் படம் அன்று காலைதான் வந்திருந்தது.

“என்னப்பா, முகம் ஒருமாதிரிக் கிடக்கு?” என்றாள் மனைவி புஷ்பராணி.

“அங்கை முதல் இருந்தது நோர்வேக்காரர் இல்லை. நாலு கறுப்பினக் குடும்பம். பிறகு வந்த இவை துவக்கோடை போய், சுடுவம் எண்டு வெருட்டிக் கலைச்சிருக்கினம். அந்த மேடு அவையின்ரை ஆக்களைப் புதைச்ச சவக்காலை.”

“வாசிக்கப் போறியளோ?”

“தெரியேல்லை.”

அவர் யூலியாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்.

“அந்தப் பக்கம் இன்றைக்கு வேண்டாம்,” என்றார் யூலியா. “எங்கள் குடும்பப் பெயரை தேவாலயச் சுவரில் பொறித்திருக்கிறார்கள்.”

“திங்கட்கிழமை மேட்டில் தார் போடுகிறார்கள் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்.”

“பிறகு பார்க்கலாம்.” தொடர்பு அறுந்தது.

கூட்டத்தில் ஜெகதீஸ்வரன் முதல் இரண்டு பக்கங்களை மட்டும் வாசித்தார். பனி, செத்துப்போன பசு, முதல் அறுவடை. குழுத் தலைவர் நன்றி சொல்லி வாக்கெடுப்புக்குத் திரும்பும்போது, மண்டபத்தின் பின்வரிசையில் கறுப்பின முதியவர் ஒருவர் எழுந்தார். தன் பெயர் வின்சென்ற் என்றார்.

“என் ஆட்கள் அந்த மேட்டில் கிடக்கிறார்கள் என்று பதினொரு வருடமாகச் சொல்கிறேன். எழுத்தில் காட்டு என்கிறீர்கள். அந்தக் கடிதத்தில் எங்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையா?”

ஜெகதீஸ்வரனின் கைத்தொலைபேசி அதிர்ந்தது. யூலியாவின் செய்தி: தயவுசெய்து வேண்டாம்.

அவர் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். புஷ்பராணி கதவு நிலையில் அசையாமல் நின்றாள்.

“இன்னொரு பக்கம் இருக்கிறது,” என்றார் ஜெகதீஸ்வரன். “அது யூலியாவுக்குச் சொந்தம். அவர் அனுமதிக்காமல் வாசிக்க மாட்டேன். ஆனால், இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.”

திரையில் எல்லாத் தலைகளும், மண்டபத்தில் உட்கார்ந்திருந்த யூலியாவின் பக்கம் திரும்பின. அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்கு முன் யூலியா கைகளை இறக்கினார்.

“வாசியுங்கள்.”

வாசித்தார். “மேட்டில் அவர்களுடைய பதினான்கு கல்லறைக் கற்கள் நின்றன. அவற்றைப் பிடுங்கித் தேவாலயத்தின் அத்திவாரத்துக்குப் போட்டோம்” என்ற இடத்தில் வின்சென்ற் கையை உயர்த்தினார்.

“எத்தனை கற்கள்?” என்று கேட்டார்.

“பதினான்கு.”

முதியவர் மெல்ல உட்கார்ந்தார். வாக்கெடுப்பு நடக்கவில்லை. திங்கட்கிழமை தாரும் போடவில்லை.

யூலியா அதன்பிறகு எதுவும் எழுதவில்லை. ஆறு வாரம் கழித்து வின்சென்றிடமிருந்துதான் தகவல் வந்தது. நிலத்துக்கு அடியில் இருப்பதைக் காட்டும் கருவி வைத்து மேட்டைச் சோதித்ததில் பதினேழு குழிகள் தெரிந்தனவாம்.

“மூண்டு கூடுதலாக் கிடக்கே?” என்றாள் புஷ்பராணி.

“அது மூண்டும் சின்னக் குழியளாம்,” என்றார் ஜெகதீஸ்வரன். “கல்லு வைக்காத பிள்ளையளாக்கும்.”